அதிகாரமற்ற குழுக்கள் என்னும் கட்டுக்கதை

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வுக் கொள்கையில் ஆலோசனைக் குழுக்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. அவை கூடிப் பேசிக் கலையும் வெட்டிச் சபைகள். முடிவுகளைத் தாமதப்படுத்தியதைத் தவிர அவை எதையும் சாதித்ததில்லை. அவற்றைக் கலைத்துவிட்டு, தொலைநோக்குள்ள ஒரு தலைவரிடமும் தொழில்துறையின் நாடி தெரிந்த சிலரிடமும் பொறுப்பை ஒப்படைத்தால் அறிவியல் தானாகவே எல்லைகளைத் தாண்டிப் பாயும். அண்மையில் வெளிவந்து, நம்மிடையே கொள்கை விவகாரம் பேசும் பலரும் தலையாட்டி வரவேற்ற ஒரு கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். எழுதியவர் படித்தவர். பிரஸ்ஸல்ஸின் சுருக்கப் பெயர்களைச் சரளமாக உதிர்க்கத் தெரிந்தவர். ஆனால் ஓர் அமைப்பின் பெயர் தெரிந்திருப்பது வேறு. அந்த அமைப்பு எழுதிய ஒரு வரியால் எங்கே என்ன கட்டடம் எழும்பியது, எந்தப் பணம் எந்தப் பைக்குப் போனது என்று தெரிந்திருப்பது வேறு. முதலாவது அவரிடம் தாராளமாக இருக்கிறது. இரண்டாவது கட்டுரையின் எந்த மூலையிலும் அகப்படவில்லை.

நாடுகளின் எல்லை கடந்த ஆய்வுக் கொள்கை எப்படி உருவாகிறது என்பது பற்றித் தமிழில் எழுதப்படுவது அரிது. அரிதாக எழுதப்படும் துறையில் எழுதுகிறவருக்குப் பொறுப்பு கூடுதல். வாசகர் போய்ச் சரிபார்க்கவா போகிறார் என்ற தைரியத்தில் எழுதுவது வாசகரை அவமதிப்பதாகும். கட்டுரையாளரின் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் ஒன்று மற்றொன்றின் காலை வாருவது தெரியும். அதைவிட முக்கியமாக, எந்தக் குழுக்களை அவர் வசைபாடுகிறார், எந்தக் குழுக்களைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று பார்த்தால், அவருடைய வாதம் யாருக்குப் பயன்படும் என்பதும் தெரிந்துவிடும்.

முதல் இரண்டு கூற்றுகளை அருகருகே வைப்போம். ஒன்று: இந்தக் குழுக்களுக்கு அதிகாரமே இல்லை, அவை சொல்வதை ஒருவரும் கேட்பதில்லை. இரண்டு: இந்தக் குழுக்களால்தான் ஐரோப்பா அமெரிக்காவிடமும் சீனாவிடமும் பின்தங்கியது. ஒருவரும் காதுகொடுக்காத சபை ஒரு கண்டத்தையே பின்னுக்கு இழுத்தது எப்படி? செல்லாக்காசு என்கிறீர்கள், அடுத்த பத்தியிலேயே அந்தக் காசுதான் கஜானாவைக் காலி செய்தது என்கிறீர்கள். இரண்டில் எது உங்கள் கட்சி? இரண்டும்தான் என்றால், அது வாதமாகாது, எரிச்சல். எரிச்சலுக்கு அடிக்குறிப்பு போட்டுவிட்டால் ஆய்வுரை ஆகிவிடாது.

உண்மை நிலவரம் இது. 1974-இல் அமைச்சர்கள் கவுன்சிலின் தீர்மானத்தால் க்ரெஸ்ட் என்ற குழு பிறந்தது. உறுப்பு நாடுகளின் ஆய்வுத்துறை மூத்த அதிகாரிகள் உட்காரும் சபை அது. 2010-இல் அது எராக் என்று பெயர் மாறியது. ஐரோப்பிய ஆய்வுப் பரப்புக்கும் புத்தாக்கத்துக்குமான குழு என்பது அதன் முழுப்பெயர். அது சட்டம் இயற்றாது, பணம் ஒதுக்காது. ஐரோப்பிய ஆணையத்துக்கும் அமைச்சர்கள் கவுன்சிலுக்கும் கருத்துரை மட்டுமே தரும். கட்டுரையாளர் இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு, பார்த்தீர்களா, அதிகாரம் இல்லை என்று முடித்துவிட்டார். கேள்வி தொடங்க வேண்டிய இடத்தில் அவருடைய விசாரணை முடிந்துவிடுகிறது. சட்டமும் இயற்றாமல் பணமும் ஒதுக்காமல் ஒரு கருத்துரை எப்படிக் கொள்கையாக மாறுகிறது என்பதுதானே கேட்கப்பட வேண்டியது?

இதற்கு எஸ்ஃப்ரி நல்ல சான்று. பெரும் ஆய்வுக் கட்டமைப்புகளுக்காக 2002-இல் தொடங்கப்பட்ட இந்த மன்றத்தின் கையில் சொந்தமாக ஒரு யூரோகூடக் கிடையாது. 2006-இல் அது ஒரு பட்டியலை வெளியிட்டது. ஐரோப்பா சேர்ந்து கட்டவேண்டிய 35 ஆய்வுக் கட்டமைப்புகளின் பட்டியல். பட்டியலில் இடம் பிடித்தால் பணம் வந்துவிடாது. ஆனால் அந்தப் பட்டியல் வந்த பிறகு நாடுகள் தத்தம் தேசியப் பட்டியல்களை அதை ஒட்டியே வகுக்கத் தொடங்கின. நிதி கேட்டுப் போகும் கோப்புக்கு அது முத்திரையாயிற்று. அதில் இடம்பெற்ற திட்டங்களில் ஒன்று அதிதீவிர லேசர் கட்டமைப்பான எலி. அதை முன்மொழிந்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜெரார் மூரு. 2018-இல் நோபல் பரிசு பெற்றவர். எலி எங்கே எழுந்தது? பாரிஸிலோ மியூனிக்கிலோ அல்ல. செக் நாட்டில் பிராகா நகருக்கு அருகே தோல்னி பிரெழானியில், ஹங்கேரியின் செகெட் நகரில், ருமேனியாவில் புக்காரெஸ்ட்டை அடுத்த மகுரேலேயில். ஒன்றியத்தில் 2004-லும் 2007-லும்தான் சேர்ந்த மூன்று நாடுகள், வட்டார வளர்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட ஒன்றிய நிதியைப் பெருமளவில் அறிவியலுக்குத் திருப்பி, ஏறத்தாழ 85 கோடி யூரோ செலவில் உலகின் முன்னணி லேசர் கூடங்களைக் கட்டின. சாலைக்கும் பாலத்துக்கும் போகும் பணத்தை லேசருக்குக் கொடு என்று ஒரு நிதியமைச்சரிடம் போய்ச் சொல்ல என்ன ஆதாரம் இருந்தது? அதிகாரமில்லாத ஒரு மன்றம் வெளியிட்ட பட்டியலில் ஒரு வரி இருந்தது.

அதே எலி ஆலோசனையின் எல்லையையும் காட்டுகிறது. எல்லை கடந்த ஆய்வுக் கட்டமைப்புகளுக்கென 2009-இல் ஒன்றியம் தனிச் சட்ட வடிவம் ஒன்றை உருவாக்கியது. 2021-இல் எலி அந்த வடிவத்தில் பதிவானபோது செக் நாடும் ஹங்கேரியும் இத்தாலியும் லித்துவேனியாவும் தொடக்க உறுப்பினர்களாயின. மூன்றாவது கூடத்தை வைத்திருந்த ருமேனியா அந்த வரிசையில் இல்லை. பட்டியல் கட்டடத்தை எழுப்பியது. மூன்று அரசுகளை ஒரே கூரையின் கீழ் உட்காரவைக்க அதனால் முடியவில்லை. ஆலோசனை எங்கே செல்லும், எங்கே நிற்கும் என்று இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஓர் உதாரணம் கண்முன் இருக்கும்போது, செல்லவே செல்லாது என்று எழுதுவதற்கு அறியாமை வேண்டும், அல்லது அறிந்தே மறைக்கும் மனம் வேண்டும்.

அறியாமை என்றே எண்ணியிருப்பேன், கட்டுரையின் நடுப்பகுதியைப் படிக்காமல் இருந்திருந்தால். அதிகாரிகளின் குழுக்கள் வேண்டாம் என்பவர் அங்கே ஒரு மாற்று சொல்கிறார்: தொழில்துறைத் தலைவர்கள் நிறைந்த, சிறிய, விரைவாக முடிவெடுக்கும் வட்டங்கள் போதும். அப்படியானால் ஆலோசனைக்கு அதிகாரம் உண்டு என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அந்த நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பதில்தான் அவருக்குப் பிணக்கு. அவர் கேட்கும் வட்டங்கள் ஏற்கெனவே இருந்திருக்கின்றன. அவை என்ன செய்தன என்பது பொதுவெளியில் பதிவாகியிருக்கிறது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

2003-இல் ஆணையம் பாதுகாப்பு ஆய்வு குறித்துப் பிரமுகர்கள் குழு ஒன்றை அமைத்தது. அதில் அரசியல் தலைவர்களும் ஆய்வு நிறுவனத்தாரும் இருந்தார்கள். கூடவே ஈஏடிஎஸ், பிஏஇ சிஸ்டம்ஸ், தாலெஸ், ஃபின்மெக்கானிக்கா ஆகிய ஆயுதத் தளவாட நிறுவனங்களின் தலைமையும் உட்கார்ந்திருந்தது. 2004-இல் குழு அறிக்கை தந்தது: பாதுகாப்பு ஆய்வுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 100 கோடி யூரோ வேண்டும். ஒன்றியத்தின் 2007 முதல் 2013 வரையான ஏழாவது ஆய்வுச் செயல்திட்டத்தில் பாதுகாப்பு ஆய்வு என்று ஒரு புதிய தலைப்பே பிறந்தது. ஏழாண்டுகளுக்கு அதற்கு 140 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. கேட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்குதானே கிடைத்தது, இதுவா அதிகாரம் என்று கட்டுரையாளர் கேட்கலாம். கேட்கட்டும். பதில் இருக்கிறது. தொகை பின்னால் வளரும், தலைப்புதான் முதலில் வேண்டும். வரவுசெலவில் ஒரு தலைப்பு விழுந்துவிட்டால் அதற்கு ஓர் அலுவலகம் வரும், அதற்கு விண்ணப்பிக்கும் ஆய்வகங்கள் வரும், அந்த ஆய்வகங்களில் ஆளெடுப்பு நடக்கும், அடுத்த ஏழாண்டுத் திட்டத்தில் அதை நீக்க முயன்றால் இத்தனை பேரும் எதிர்த்து நிற்பார்கள்.

இந்த முறை மறுபடியும் பலித்தது. 2015-இல் ஆணையர் எல்ஷ்பியெத்தா பியென்கோவ்ஸ்கா கூட்டிய இன்னொரு பிரமுகர்கள் குழுவில் ஏர்பஸ், பிஏஇ சிஸ்டம்ஸ், சாப், இந்திரா போன்ற நிறுவனங்களின் தலைவர்கள் இருந்தார்கள். ராணுவ ஆய்வுக்கு 2021 முதல் 2027 வரை 350 கோடி யூரோ வேண்டும் என்றது அவர்களின் 2016 அறிக்கை. அடுத்த ஆண்டே 9 கோடி யூரோவில் முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. 2021-இல் ஏறத்தாழ 800 கோடி யூரோவில் ஐரோப்பிய ராணுவ நிதியம் நிலைபெற்றது. அதில் சுமார் 270 கோடி ஆய்வுக்கு. யாருக்குப் பணம் தேவையோ அவர்களே எவ்வளவு தேவை என்று சொல்லும் அறையில் உட்கார்ந்தார்கள். ராணுவ ஆய்வு வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். உக்ரைன் போருக்குப் பிறகு அது வேண்டும் என்று மனச்சான்றோடு வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசலாம். ஆலோசனைக் குழுக்களுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதிவிட்டு இந்த இரண்டு குழுக்களையும் முழுப் பூசணிக்காயாகச் சோற்றில் மறைக்கிறவரோடு என்ன பேசுவது?

இங்கிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. ஆலோசனைக் குழுவின் அதிகாரத்தைத் தொகையில் தேடக்கூடாது, தலைப்பில் தேட வேண்டும். 2017-இல் பாஸ்கல் லாமி தலைமையிலான உயர்நிலைக் குழு, ஒன்றியத்தின் அடுத்த ஏழாண்டு ஆய்வுத் திட்டத்துக்குக் குறைந்தது 12,000 கோடி யூரோ வேண்டும் என்றது. ஆய்வைக் குறிக்கோள் சார்ந்த பெரும் பணிகளாக ஒழுங்குபடுத்தவும் சொன்னது. பொருளியலாளர் மரியானா மத்சுகாட்டோவின் 2018 அறிக்கை அந்தப் பணிகளுக்கு உருவம் கொடுத்தது. ஹொரைசன் ஐரோப்பா என்று பெயர் பெற்ற அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது 9,550 கோடி. ஆனால் புற்றுநோய், காலநிலைத் தகவமைப்பு, பெருங்கடலும் நீர்நிலைகளும், கரிம உமிழ்வற்ற நகரங்கள், மண்வளம் என்ற ஐந்து பணிகள் திட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டன. இன்று ஓர் ஐரோப்பிய மண்ணியல் ஆய்வாளர் எந்தச் சொற்களில் விண்ணப்பம் எழுத வேண்டும் என்பது அந்த அறிக்கைகளின் வழியே தீர்மானமானது. எதற்கு விண்ணப்பிக்கலாம், எதற்கு முடியாது என்பதை வரையறுப்பதைவிட ஆய்வாளர்மீது செலுத்தக்கூடிய பெரிய அதிகாரம் வேறு என்ன இருக்கிறது?

மூன்றாவது கூற்றுக்கு வருவோம். 2002 மார்ச்சில் பார்சிலோனா உச்சிமாநாட்டில், 2010-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்தை ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவோம் என்று தலைவர்கள் உறுதி எடுத்தார்கள். இருபதாண்டுகள் கடந்தும் ஒன்றியம் 2.2 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. இது குழுக்களின் தோல்வி என்கிறார் கட்டுரையாளர். அந்த 3 சதவீதத்தில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் நிறுவனங்களிடமிருந்து வரவேண்டும் என்பது அதே பார்சிலோனா உறுதியின் பகுதி. அந்த வரியை ஏன் விட்டார்? குழுக்களைவிடத் தொழில்துறைதான் விரைந்து செயல்படும் என்று அதே கட்டுரையில் புகழ்ந்தவருக்கு, அந்தத் தொழில்துறை தன் பங்கைச் செலவிடவில்லை என்பது வசதிக்குறைவான உண்மை. ஸ்வீடன் 3 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது, ருமேனியா 0.6 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இரு நாடுகளின் அதிகாரிகளும் ஒரே எராக் மேசையில் ஒரே தாள்களைப் புரட்டுகிறார்கள். குழுவே காரணம் என்றால் ஒரே குழு ஒரு நாட்டை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்தியது எந்த மாயத்தால்? தொழில் அமைப்பு, வரி வருவாய், பல்கலைக்கழகங்களின் வரலாறு, இளம் ஆய்வாளர்களின் வெளியேற்றம் என்று ஆராய வேண்டிய காரணங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை ஆராய உழைப்பு தேவை. குழுக்களைத் திட்டுவதற்கு அது தேவையில்லை.

நான்காவது கூற்று அவருடைய பிரம்மாஸ்திரம். ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சில் வென்றது, ஏனென்றால் அங்கே குழு ஆட்சி இல்லை என்கிறார். இதைப் படித்தபோது வந்தது கோபம்தான். அந்தக் கவுன்சில் எப்படிப் பிறந்தது? ஃபெடரிகோ மயோர் தலைமையில் 2003-இல் வேலைசெய்த ஒரு நிபுணர் குழு அதற்கு வாதம் எழுதியது. ஐரோப்பிய ஆய்வு ஆலோசனை வாரியம் அதை முன்னெடுத்தது. கிறிஸ் பாட்டன் தலைமையில் அமைந்த இன்னொரு குழு 2005-இல் அதன் அறிவியல் பேரவைக்கு 22 பேரைத் தேர்ந்தது. 2007-இல் 750 கோடி யூரோவோடு தொடங்கிய நிறுவனத்தில் எந்த முறையில் பணம் கொடுப்பது, யார் மதிப்பிடுவது என்பதையெல்லாம் இன்றும் அந்த 22 பேர் கொண்ட பேரவைதான் முடிவு செய்கிறது. குழு முன்மொழிந்து, குழு தேர்ந்தெடுத்து, குழுவே வழிநடத்தும் நிறுவனத்தைக் குழு எதிர்ப்புக்குச் சான்றாகக் கொண்டுவருகிறவர் அதன் தொடக்க வரலாற்றையாவது படித்திருக்கலாமே?

தொலைநோக்குள்ள ஒற்றைத் தலைவர் என்ற அவருடைய கனவுக்கும் அதே நிறுவனம் விடை வைத்திருக்கிறது. 2020 ஜனவரியில் மவுரோ ஃபெராரி அதன் தலைவரானார். கொரோனா பரவியதும் அதற்கெனத் தனித் திட்டம் வேண்டும் என்றார். அறிவியல் பேரவை ஏற்கவில்லை. ஆய்வின் பொருளை ஆய்வாளரே தேர்வது இந்த நிறுவனத்தின் அடிப்படை விதி, மேலிருந்து பொருள் திணிக்க நமக்கு அனுமதி இல்லை என்றது. தலைவர் நிறுவனத்தின் பணிகளில் போதிய ஈடுபாடு காட்டவில்லை என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தது. மார்ச் 27 அன்று பேரவை ஒருமனதாக அவரைப் பதவி விலகக் கேட்டது. ஏப்ரலில் அவர் விலகினார். பேரவை கல்நெஞ்சோடு நடந்ததா? கொரோனாவை எதிர்கொள்ள உதவக்கூடிய 50-க்கும் மேற்பட்ட ஆய்வுகளுக்கு அந்த நிறுவனம் ஏற்கெனவே பணம் தந்திருந்தது. பின்னர் கொரோனா தடுப்பூசி உருவாக்கிய பயோஎன்டெக்கின் நிறுவனர் உகுர் ஷாஹினுக்குப் புற்றுநோய் ஆய்வுக்காகத் தொற்று வருவதற்கு முன்பே அது நல்கை வழங்கியிருந்தது. கொரோனா தொற்றே இல்லாத காலத்தில் ஆர்வத்தால் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆய்வுகள் நெருக்கடியில் கைகொடுத்தன. அந்த விதியை ஒரு தலைவரின் அவசரத்திடமிருந்து காத்தது ஒரு குழு.

தனி ஒருவரின் ஆலோசனையே வலிமையானது என்கிறவருக்கு இன்னொரு வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். 2012-இல் ஆணையத் தலைவர் பரோசோவின் தலைமை அறிவியல் ஆலோசகராக உயிரியலாளர் ஆன் குளோவர் பொறுப்பேற்றார். அறிவுள்ளவர், அஞ்சாமல் பேசுகிறவர். 2014-இல் கிரீன்பீஸ் உள்ளிட்ட அமைப்புகள் அந்தப் பதவியையே ஒழிக்கக் கேட்டுக் கடிதம் எழுதின. புதிய தலைவர் யுங்கர் வந்தார். பதவி அத்தோடு முடிந்தது. ஒரு நாற்காலியை அகற்ற ஒரு கையெழுத்துக்கூடத் தேவைப்படவில்லை, புதுப்பிக்காமல் விட்டாலே போதுமானதாக இருந்தது. அதன் பிறகு 2015-இல் ஏழு பேர் கொண்ட தலைமை அறிவியல் ஆலோசகர்கள் குழு அமைந்தது. அதன் கருத்துரைகள் அச்சிட்டு வெளியிடப்படுகின்றன. ஒருவரை நள்ளிரவில் வீட்டுக்கு அனுப்பலாம். எழுவரை, அச்சான அறிக்கைகளோடு, சத்தமில்லாமல் அனுப்புவது கடினம். குழு என்பது ஆலோசனை சொல்பவருக்கான கவசமும்கூட என்பது ஒற்றைத் தலைவர் பக்தர்களுக்கு எப்போது புரியும்?

ஐந்தாவது கூற்று: திறமைக்கு மட்டுமே பணம் போகவேண்டும், நாடுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்தால் பங்கு பிரிப்புதான் நடக்கும். கேட்கச் சுத்தமாக இருக்கிறது. 2004 முதல் ஒன்றியத்தில் சேர்ந்த 13 நாடுகள், ஹொரைசன் ஐரோப்பாவுக்கு முந்தைய ஹொரைசன் 2020 திட்டத்தில் பெற்றது மொத்தப் பணத்தில் சுமார் 5 சதவீதம். அந்த நாடுகளில் திறமை 5 சதவீதம்தான் பிறக்கிறதா? பெரிய ஆய்வகமும், விண்ணப்பம் எழுதவே தனி அலுவலகமும், பழைய கூட்டாளிகளின் வலையும் உள்ள இடத்துக்கு மேலும் பணம் போகும். இல்லாத இடத்திலிருந்து இளைஞர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார்கள். ஹொரைசன் ஐரோப்பாவில் 3.3 சதவீதமாவது பங்கேற்பை விரிவாக்க ஒதுக்கப்பட்டது என்றால், பல்கேரியாவும் ருமேனியாவும் லாட்வியாவும் பேசுவதற்கு மேசைகள் இருந்தன என்பதும் அதற்குக் காரணம். நாடுகளின் குழுவை எடுத்துவிட்டால் அந்த மேசை போய்விடும். ஏர்பஸ்ஸுக்கு வேறு மேசை எப்போதும் இருக்கும். கட்டுரையாளர் சொல்லும் திறமை ஆட்சி என்பது ஏற்கெனவே உள்ளவருக்கு மேலும் கொடுக்கும் ஆட்சி.

அரசியல் தலைவர்களிடம் விட்டுவிட்டால் எல்லைகள் கரையும் என்ற அவருடைய நம்பிக்கைக்கும் காலம் பதில் எழுதிவிட்டது. 2014 பிப்ரவரி 9 அன்று குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தச் சுவிட்சர்லாந்து வாக்களித்தது. அதனால் குரோவேஷியர்களுக்கு நடமாட்ட உரிமையை விரிவாக்கும் உடன்படிக்கை நின்றது. சுவிஸ் ஆய்வாளர்கள் ஹொரைசன் 2020-இலிருந்து வெளியே நின்று, பாதி உள்ளே வந்து, 2017-இல்தான் முழுதாகச் சேர்ந்தார்கள். 2021-இல் ஒன்றியத்துடனான பேச்சு முறிந்ததும் மீண்டும் வெளியே தள்ளப்பட்டார்கள். பிரிட்டன் ஹொரைசன் ஐரோப்பாவில் சேர்வது, பிரெக்ஸிட்டுக்குப் பிந்தைய 2020 டிசம்பர் ஒப்பந்தத்திலேயே ஒத்துக்கொள்ளப்பட்ட விஷயம். வட அயர்லாந்துச் சச்சரவில் அது சிக்கி, 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சிலின் நல்கையை வென்ற பிரிட்டன் ஆய்வாளர்கள் நாட்டைவிட்டுப் பெயர்வதா, நல்கையை விட்டுவிடுவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. இந்த முடிவுகளை எடுத்தது எந்த ஆலோசனைக் குழு? இரு பக்கத்து அறிவியலாளர்களும் மன்றாடினார்கள், அரசியல் தலைவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆலோசனைக்குச் செவிசாய்க்காத அரசியல் எப்படி இருக்கும் என்பதற்குப் பத்தாண்டு அனுபவம் கிடைத்த பிறகும் அதையே மருந்தாகப் பரிந்துரைப்பது என்ன வகை மருத்துவம்?

ஆலோசனைக் குழுக்கள்மீது வைக்கவேண்டிய கடுமையான குற்றச்சாட்டுகள் உண்டு. நிபுணர் குழுக்களில் நிறுவனங்களின் ஆதிக்கம் மிகுந்ததைக் கண்டித்து ஐரோப்பிய நாடாளுமன்றம் 2011-இல் அவற்றுக்கான நிதியில் ஒரு பகுதியை முடக்கியது. 2014-இல் மறுபடி கை வைத்தது. ஒன்றியத்தின் குறைகேள் அதிகாரி எமிலி ஓ'ரெய்லி 2014-இல் தாமாகவே விசாரணை தொடங்கி, உறுப்பினரின் சார்பும் கூட்டக் குறிப்பும் வெளிப்பட வேண்டும் என்றார். 2016-இல் ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. யாரையும் புண்படுத்தாமல் எழுத எழுத, கூர்மை தேய்ந்துபோன அறிக்கைகள் எத்தனையோ உண்டு. 2021-இல் ஆய்வுப் பரப்பைப் புதுப்பித்தபோது எராக்கின் பக்கத்திலேயே ஆணையத்தின் கீழ் இன்னொரு மன்றத்தையும் வைத்து, யார் யாருக்கு ஆலோசனை சொல்வது என்ற குழப்பத்தை வளர்த்தார்கள். இத்தனை ஆயுதங்கள் தரையில் கிடக்க, கட்டுரையாளர் ஒன்றையும் எடுக்கவில்லை. ஏன்? அவற்றை எடுத்தால் வரும் முடிவு குழுக்களைத் திறந்து காட்டு என்பதாக இருக்கும். அவருக்கு வேண்டியதோ குழுக்களை மூடு என்பது. திறந்தால் அவர் விரும்பும் தொழிலதிபர் வட்டமும் சேர்ந்து வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

இது நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கும் விடை இருக்கிறது. இந்தியா ஐரோப்பிய ஒன்றியத்தோடு அறிவியல் ஒப்பந்தம் செய்தது 2001-இல். ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு அமைப்பான செர்னில் 2017 முதல் நாம் இணை உறுப்பினர். பணம் கட்டுகிறோம், கவுன்சிலில் வாக்கு இல்லை. எல்லை கடந்த ஆய்வில் நம்மைப் போன்ற நாடுகள் நுழையும்போது தலைப்புகள் பெரும்பாலும் எழுதி முடிக்கப்பட்டிருக்கும். எந்த நோய், எந்த ஆறு, எந்தத் தொழில்நுட்பம் என்பது முன்பே ஏதோ ஓர் அறையில் பேசி முடிந்திருக்கும். அந்த அறைக்கு அதிகாரமில்லை என்று நம்பிவிட்டால், அங்கே நமக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று கேட்கவே தோன்றாது. கட்டுரையாளரின் பொய் நமக்குச் செய்யும் தீங்கு இதுதான். கேட்க வேண்டிய உரிமையை அற்பப் பொருள் என்று சொல்லி நம் கையிலிருந்து தட்டிவிடுகிறார்.

கேட்க வேண்டியவை எளியவை. ஒவ்வொரு ஆலோசனைக் குழுவின் உறுப்பினர் பெயரும், அவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்பதும் வெளிப்பட வேண்டும். கூட்டக் குறிப்பும், ஒத்துக்கொள்ளாதவரின் மாற்றுக் கருத்தும் அச்சாக வேண்டும். பரிந்துரையால் ஆதாயம் பெறக்கூடிய நிறுவனத்தின் ஆள் தொகையை முடிவு செய்யும் அறையில் இருக்கக்கூடாது. ஆலோசனையை ஏற்காத அமைச்சரும் ஆணையரும் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல் குழுக்களை ஒழி என்று முழங்குகிறவர், அதிகாரத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. அதை நாம் பார்க்க முடியாத இடத்துக்கு மாற்றச் சொல்கிறார். அந்த இடமாற்றத்துக்கு அறிவியலின் பெயரால் கைதட்டியவர்கள் கையை இறக்கிக்கொண்டு, அந்தக் கட்டுரையை இன்னொரு முறை படிக்கட்டும்.